ஹமாம் யாருடைய சோப்? இந்துஸ்தான் யூனிலீவர் வாங்கி வளர்ந்த வரலாறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் அப்பா மளிகைக் கடை வைத்திருந்தார். பள்ளி விடுமுறை நாட்களில் கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கம்பெனி பில்களைப் பிரித்துக் கம்பியில் குத்தி வைப்பது என் வேலை. ஹமாமுக்கு ஒரு ஏஜென்சி பில், லக்ஸுக்கு வேறு ஏஜென்சி பில், த்ரீ ரோஸஸ் தூளுக்கு இன்னொன்று, பாண்ட்ஸ் பவுடருக்கு இன்னொன்று. சில வருடங்களில் இவை ஒவ்வொன்றாக ஒரே பில்லுக்குள் வந்து சேர்ந்தன. ஏன் என்று கேட்டால், "எல்லாத்தையும் லீவர் கம்பெனி வாங்கிட்டான்டா" என்பார் அப்பா.

அந்த ஒரு வரிக்குள் நூறு வருடக் கதை இருப்பது பின்னாளில் படிக்கப் படிக்கத்தான் புரிந்தது. இதைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் நண்பர்களும் உறவினர்களும் கேட்கும் கேள்விகளை இங்கே பதிலோடு தொகுத்திருக்கிறேன்.

ஹமாம் டாடா சோப்பா, லீவர் சோப்பா?

உங்கள் பாட்டி வாங்கியது டாடா சோப். நீங்கள் வாங்குவது லீவர் சோப். பெயர் ஒன்றுதான்.

டாடா குழுமம் 1917இல் டாடா ஆயில் மில்ஸ் கம்பெனியைத் தொடங்கியது. சுருக்கமாக டாம்கோ. கேரளத்துக் கொப்பரையைக் கடல் தாண்டி அனுப்பாமல் இங்கேயே ஆட்டி எண்ணெய் எடுக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். எர்ணாகுளத்தில் அந்த ஆலை இருந்த இடத்துக்கு டாடாபுரம் என்றே பெயர் வந்தது. எண்ணெய் இருந்தால் அடுத்தது சோப்தானே? துணிக்கு 501 பார் சோப் வந்தது. குளிக்க 1931இல் ஹமாம் வந்தது. வெள்ளைக்காரன் சோப்புக்கு எதிராக இந்தியக் கம்பெனி நிறுத்திய சோப் அது. தமிழ்நாட்டில் அது பிடித்துக்கொண்ட அளவுக்கு வேறு எங்கும் பிடிக்கவில்லை.

1993 ஏப்ரல் 1 முதல் டாம்கோ முழுவதும் இந்துஸ்தான் லீவரோடு இணைந்தது. ஹமாம், மோத்தி, 501 எல்லாம் கைமாறின. எந்தக் கம்பெனியோடு போட்டி போட ஹமாம் பிறந்ததோ, அந்தக் கம்பெனியின் சோப்பாகவே ஆகிவிட்டது. என்னைப் பொறுத்தவரை இந்த வரலாற்றிலேயே மனதைத் தொடும் இடம் இதுதான்.

லீவர் இந்தியாவுக்கு எப்போது வந்தது?

இங்கிலாந்தில் வில்லியம் லீவர் என்பவர், மளிகை மொத்த வியாபாரம் பார்த்த குடும்பத்தின் பிள்ளை, 1880களின் நடுவில் தம்பி ஜேம்ஸுடன் சேர்ந்து சோப் தொழிலில் இறங்கினார். அதுவரை சோப் என்றால் கடைக்காரர் பெரிய கட்டியிலிருந்து அறுத்து எடைபோட்டுக் கொடுப்பது. லீவர் அதைத் துண்டு துண்டாக்கி, காகிதம் சுற்றி, 'சன்லைட்' என்று பெயர் போட்டு விற்றார். 1888இல் சன்லைட் பெட்டிகள் கல்கத்தா துறைமுகத்தில் வந்து இறங்கின. 1895இல் லைஃப்பாய் வந்தது.

வாங்கிச் சேர்க்கும் பழக்கம் லீவருக்கு அங்கேயே தொடங்கிவிட்டது. 1807இல் லண்டனில் ஆண்ட்ரூ பியர்ஸ் செய்த கண்ணாடி மாதிரியான சோப், அதாவது நம் பியர்ஸ், 1917இல் லீவர் கைக்குப் போனது. அப்புறம் டச்சு மார்ஜரின் கம்பெனிகளின் கூட்டமைப்போடு 1929இல் ஒப்பந்தமாகி, 1930இன் தொடக்கத்தில் 'யூனிலீவர்' உருவானது. சோப்புக்கும் மார்ஜரினுக்கும் என்ன உறவு என்று கேட்பார்கள். இரண்டுக்கும் மூலப்பொருள் எண்ணெயும் கொழுப்பும்தான். ஒரே சரக்குக்கு இரண்டு பேர் சந்தையில் அடித்துக்கொள்வதைவிடச் சேர்ந்துவிடலாம் என்று முடிவெடுத்தார்கள்.

'இந்துஸ்தான்' என்ற பெயர் எங்கிருந்து வந்தது?

யூனிலீவர் இந்தியாவில் மூன்று கம்பெனிகளை வைத்திருந்தது. வனஸ்பதிக்காக 1931இல் இந்துஸ்தான் வனஸ்பதி, சோப்புக்காக 1933இல் லீவர் பிரதர்ஸ் இந்தியா, விற்பனைக்காக 1935இல் யுனைட்டெட் டிரேடர்ஸ். 1956 நவம்பரில் மூன்றும் சேர்ந்து இந்துஸ்தான் லீவர் ஆனது. அப்போது 10 சதவீதப் பங்குகளை இந்தியப் பொதுமக்களுக்குக் கொடுத்தார்கள். பிரகாஷ் டாண்டன் 1961இல் தலைவரானார். அந்த நாற்காலியில் அமர்ந்த முதல் இந்தியர் அவர். 2007இல்தான் பெயர் இந்துஸ்தான் யூனிலீவர் என்று மாறியது. எங்கள் ஊர்க் கடைக்காரர்கள் இன்றும் 'லீவர்' என்றுதான் சொல்கிறார்கள். நானும் இந்தப் பக்கத்தில் பல இடங்களில் அப்படியே எழுதுகிறேன்.

பாண்ட்ஸ், புரூக் பாண்ட், லிப்டன் எல்லாவற்றையும் இந்தியாவில் விலை பேசி வாங்கினார்களா?

இல்லை. பலரும் தவறாக நினைத்துக்கொண்டிருக்கும் விஷயம் இது. இந்த மூன்றும் வெளிநாட்டில் கைமாறியவை. அங்கே தாய்க் கம்பெனியை யூனிலீவர் வாங்கியது. இங்கே இருந்த பிள்ளைக் கம்பெனி தானாகவே அதன் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

லிப்டனின் பெரும்பகுதி 1972இல் வந்தது. புரூக் பாண்டை 1984இல் வாங்கினார்கள். மான்செஸ்டரில் 1869இல் ஆர்தர் புரூக் தொடங்கிய தேயிலைக் கடை அது. பாண்ட் என்று ஒரு கூட்டாளி இருந்ததே இல்லை; பெயர் காதுக்கு நன்றாக இருக்கிறது என்று அவரே சேர்த்துக்கொண்டார். ரெட் லேபிள், த்ரீ ரோஸஸ் எல்லாம் அந்த வீட்டுப் பிள்ளைகள். நம் ஊர்க் காலைப் பொழுதை ஆளும் ப்ரூ காபியும் அப்படித்தான் லீவருக்கு வந்தது.

பாண்ட்ஸ் கதை நமக்கு இன்னும் பக்கத்தில் நடந்தது. அமெரிக்காவின் சீஸ்பரோ பாண்ட்ஸ் கம்பெனியை யூனிலீவர் 1986இல் வாங்கியது. அதன் இந்தியக் கம்பெனிக்குச் சென்னைதான் தாய்வீடு. பல்லாவரத்தில் ஜி.எஸ்.டி. சாலையில் போகிறவர்களுக்கு 'பாண்ட்ஸ் சிக்னல்' தெரியாமல் இருக்காது. கம்பெனி யாரிடம் போனாலும் பஸ் நிறுத்தத்தின் பெயர் மாறவில்லை.

1993இலிருந்து 1998க்குள் ஏன் இத்தனை இணைப்புகள்?

அதற்கு முன்னால் கையைக் கட்டிப் போட்டிருந்தார்கள், அதனால்தான்.

1969இன் ஏகபோகத் தடுப்புச் சட்டப்படி பெரிய கம்பெனி இன்னொன்றை வாங்கவோ தன் ஆலையை விரிவாக்கவோ வேண்டும் என்றால் டெல்லியில் முன் அனுமதி வாங்க வேண்டும். 1973இன் அந்நியச் செலாவணிச் சட்டம் வெளிநாட்டுக் கம்பெனிகளின் பங்கை 40 சதவீதத்துக்குக் குறைக்கச் சொன்னது. ஏற்றுமதி செய்தால், உயர்ந்த தொழில்நுட்பம் தேவைப்படும் பொருள்களைச் செய்தால் விலக்கு உண்டு. லீவர் அந்த வழியில் போய் 51 சதவீதத்தைக் காப்பாற்றிக்கொண்டது. சோப் கம்பெனி ரசாயன ஆலை கட்டியதற்கும், தனக்குச் சம்பந்தமே இல்லாத சரக்குகளை ஏற்றுமதி செய்ததற்கும் காரணம் இதுதான்.

1991இல் ஏகபோகச் சட்டத்திலிருந்து அந்த முன் அனுமதிப் பிரிவை நீக்கினார்கள். மடை திறந்தது போல் ஆனது. 1992இல் புரூக் பாண்ட் இன்ஸ்டன்ட் காபித் தொழிலில் இருந்த கோத்தாரி ஜெனரல் ஃபுட்ஸை வாங்கியது. 1993இல் யுபி குழுமத்திடமிருந்து கிசான் ஜாம், ஸ்குவாஷ் வந்தன. கேட்பரியிடமிருந்து டாலப்ஸ் ஐஸ்கிரீம் வந்தது. அதே வருடம் டாம்கோ. புரூக் பாண்டும் லிப்டனும் ஒன்றாகி, 1994இல் குவாலிட்டி ஐஸ்கிரீம் குடும்பங்களோடு கூட்டும் போட்டன. அந்த மொத்தக் கம்பெனியும் 1996இல் இந்துஸ்தான் லீவருக்குள் போனது. 1998இல் பாண்ட்ஸ். ஆறே வருடங்கள்! எங்கள் கடையில் பில்கள் ஒன்றானது இந்தக் காலத்தில்தான்.

டாம்கோ இணைப்பை எதிர்த்து வழக்கு நடந்ததாமே?

நடந்தது. உச்ச நீதிமன்றம் வரை போனது.

விஷயம் இதுதான். டாம்கோ நஷ்டத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பணமாகக் கொடுத்து வாங்காமல் பங்குக்குப் பங்கு என்று பேசினார்கள். 15 டாம்கோ பங்குக்கு 2 லீவர் பங்கு. உங்கள் தாத்தாவிடம் 150 டாம்கோ பங்கு இருந்திருந்தால் 20 லீவர் பங்கு கிடைத்திருக்கும். பார்க்க ஏமாற்று மாதிரி தெரியும். ஆனால் அன்றைய லீவர் பங்கின் விலை டாம்கோ பங்கைப்போலப் பல மடங்கு.

வழக்குப் போட்டவர்களில் முக்கியமானது லீவரின் சொந்தத் தொழிற்சங்கமே. இரண்டு பெரிய சோப் கம்பெனிகள் ஒன்றானால் சந்தையில் போட்டியே இருக்காது, தொழிலாளர்களின் நிலை மோசமாகும், பங்கு மதிப்பீடு சரியில்லை, யூனிலீவரின் 51 சதவீதம் குறையாமல் இருக்கத் தனியாகப் பங்கு ஒதுக்குகிறார்கள் என்று பல வாதங்களை வைத்தார்கள். 1994 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இணைப்பைச் சரி என்று தீர்ப்பளித்தது. பெரும்பாலான பங்குதாரர்கள் கண்ணைத் திறந்துகொண்டு ஒப்புக்கொண்ட விகிதத்தை நீதிமன்றம் கணக்குப் பரிசோதகர் மாதிரி திரும்பப் போட்டுப் பார்க்காது என்பது அதன் சாரம். கம்பெனிச் சட்டம் படிக்கிற மாணவர்கள் இன்றும் இந்தத் தீர்ப்பைப் படிக்கிறார்கள்.

தொழிற்சங்கம் வழக்கில் தோற்றாலும் அது கேட்ட கேள்வி சரியானது என்றே நினைக்கிறேன். அலமாரியில் பத்து சோப் இருந்து, அதில் முக்கால்வாசி ஒரே கம்பெனியுடையது என்றால், நாம் பொறுக்கி எடுப்பதாக நினைப்பது எந்த அளவுக்கு உண்மை? இந்தியாவுக்குப் புதிய போட்டிச் சட்டம் வந்தது 2002இல். அதில் இணைப்புகளை ஆணையம் முன்கூட்டிப் பரிசீலிக்கும் விதிகள் நடைமுறைக்கு வந்தது 2011இல். டாம்கோ போன பிறகு ஒரு தலைமுறையே வளர்ந்துவிட்டது.

புரூக் பாண்ட் லிப்டன் இணைப்பிலும் ஏதோ சிக்கல் என்றார்களே?

இணைப்பு அறிவிப்புக்குச் சற்று முன், 1996 மார்ச்சில், இந்துஸ்தான் லீவர் யூ.டி.ஐ. என்ற முதலீட்டு நிறுவனத்திடமிருந்து புரூக் பாண்ட் லிப்டனின் 8 லட்சம் பங்குகளை வாங்கியது. இணைப்பு வரப்போவதை உள்ளிருந்து தெரிந்துகொண்டு வாங்கியது தவறு என்று 1998இல் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி உத்தரவிட்டது. மேல்முறையீட்டில் அந்த உத்தரவு ரத்தானது. ஆனாலும் உள்தகவல் வர்த்தக விதிகளை இறுக்கியதில் இந்த வழக்குக்குப் பெரிய பங்கு உண்டு.

லாக்மேயை டாடா ஏன் விற்றது?

1952இல் தொடங்கிய லாக்மே, சிமோன் டாடா கையில் நாடறிந்த பெயரானது. 1996இல் லீவரோடு பாதிக்குப் பாதி கூட்டு போட்டார்கள். 1998இல் பிராண்டையும் மீதிப் பங்கையும் லீவரிடமே கொடுத்துவிட்டார்கள். வந்த பணத்தை டாடா கரைத்துவிடவில்லை. லாக்மே கம்பெனியே பெயர் மாறி 'ட்ரென்ட்' ஆனது. வெஸ்ட்சைடு துணிக்கடைகளை நடத்துவது அதுதான். இந்தக் கதையில் விற்றவரும் நன்றாகப் பிழைத்த இடம் இது.

அப்படியானால் லீவர் சொந்தமாக எதையுமே உருவாக்கவில்லையா?

அப்படிச் சொன்னால் தப்பு. 1959இல் சர்ஃப், அப்புறம் ரின், 1975இல் லிரில், 1980களின் பிற்பகுதியில் வீல் எல்லாம் இங்கே வளர்த்தவை. வீல் வந்ததே அகமதாபாத்தின் நிர்மா தூள் அடித்த அடியில்தான். கர்சன்பாய் படேலின் நிர்மாவை லீவர் விலைக்கு வாங்கவில்லை. குறைந்த செலவில் தூள் செய்து விற்க அதனிடமிருந்தே கற்றுக்கொண்டு, தானும் களத்தில் இறங்கியது.

நம் பக்கத்துப் பாடம் ஒன்றும் உண்டு. ஷாம்பூவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து ஏழை வீட்டுக்கும் கொண்டுபோகலாம் என்று காட்டியது கடலூர் சின்னி கிருஷ்ணன் குடும்பம். வெல்வெட் ஷாம்பூவும், பின்னால் சி.கே. ரங்கநாதனின் சிக் ஷாம்பூவும் கடை வாசலில் சரம் சரமாகத் தொங்கின. பெரிய கம்பெனிகள் அதைப் பார்த்துத்தான் பாக்கெட்டுக்கு முழு மனதாக இறங்கின. அப்பா கடையில் கிளினிக் ப்ளஸ் சரத்தையும் சிக் சரத்தையும் ஒரே ஆணியில்தான் மாட்டுவோம்.

லீவரிடம் விற்க மறுத்தவர்கள் உண்டா?

உண்டு. பாரசூட் தேங்காய் எண்ணெய்க்கார மாரிகோ. 1990களின் கடைசியில் லீவர் அதை வாங்க ஆசைப்பட்டது. மாரிகோ மறுத்தது. தேங்காய் எண்ணெயில் இரண்டு பேருக்கும் கடும் போட்டி நடந்தது. முடிவு என்ன தெரியுமா? 2006இல் லீவர் தன்னிடம் இருந்த நிஹார் எண்ணெயை மாரிகோவிடமே விற்றுவிட்டது. எல்லாரும் ஒருநாள் பெரிய கம்பெனியிடம் போய்த்தான் ஆக வேண்டும் என்று பேசுகிறவர்களுக்கு நான் முதலில் இதைத்தான் சொல்வேன்.

வாங்கிச் சறுக்கியது எது?

மாடர்ன் பிரட். 2000 ஜனவரியில் மத்திய அரசு மாடர்ன் ஃபுட் நிறுவனத்தின் 74 சதவீதப் பங்கை 105.45 கோடி ரூபாய்க்கு லீவரிடம் விற்றது. அரசு நிறுவனம் ஒன்றைக் கட்டுப்பாட்டோடு சேர்த்துத் தனியாருக்கு விற்ற முதல் நிகழ்வு அது. மீதியையும் பிறகு லீவரே எடுத்துக்கொண்டது.

ரொட்டி சோப் இல்லை. சோப்பைக் குடோனில் வருடக்கணக்கில் வைக்கலாம். ரொட்டி சில நாளில் பூஞ்சை பிடித்துவிடும். தினமும் விடியற்காலையில் கடைக்குப் போக வேண்டும், விற்காததைத் திரும்ப எடுக்க வேண்டும். ஒவ்வொரு ஊரிலும் உள்ளூர் பேக்கரிக்காரர் அதைக் கம்பெனியைவிடச் சுலபமாகச் செய்துவிடுவார். பதினைந்து வருடம் முயன்றுவிட்டு, எவர்ஸ்டோன் குழுமத்தைச் சேர்ந்த கம்பெனியிடம் லீவர் மாடர்னை விற்றது.

விற்றுத் தள்ளியவை வேறும் உண்டு. டால்டா 2003இல் பங்கி கம்பெனிக்குப் போனது. 2023இல் அன்னபூர்ணா மாவு, கேப்டன் குக் உப்பு. 2024இல் ப்யூரிட் தண்ணீர் சுத்திகரிப்பான். ஐஸ்கிரீமைத் தனிக் கம்பெனியாகப் பிரிக்கவும் அதே வருடம் முடிவெடுத்தார்கள்.

கொடைக்கானல் பாதரசத்துக்கும் இந்தக் கதைக்கும் என்ன சம்பந்தம்?

நேரடிச் சம்பந்தம். இதைச் சொல்லாமல் பாண்ட்ஸ் கதையை முடிக்கக் கூடாது.

நியூயார்க் மாநிலத்தில் வாட்டர்டவுன் என்ற ஊரில் சீஸ்பரோ பாண்ட்ஸுக்குக் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் தொழிற்சாலை இருந்தது. அது மூடப்பட்டு, இயந்திரங்கள் 1980களின் தொடக்கத்தில் கொடைக்கானலுக்கு ஏறி வந்தன. பாதரசம் அமெரிக்காவிலிருந்து வரும். செய்த தெர்மாமீட்டர் அமெரிக்காவுக்கே திரும்பப் போகும். வேலை மட்டும் நம் மலையில். அந்த இடத்துக்குக் கீழே பாம்பார் சோலை இருக்கிறது. லிரில் விளம்பரம் எடுத்ததால் 'லிரில் ஃபால்ஸ்' என்று பெயர் பெற்ற அருவியும் பாம்பாருடையதுதான்.

1986இல் சீஸ்பரோவை வாங்கியபோது கிரீமோடும் பவுடரோடும் சேர்ந்து இந்தத் தொழிற்சாலையும் யூனிலீவருக்கு வந்தது. 1998 இணைப்போடு இந்துஸ்தான் லீவரின் பொறுப்பானது. 2001 மார்ச் 7 அன்று கொடைக்கானல் மக்களும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய சாமான் கடையில் பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடி 7.4 டன் குவிந்து கிடப்பதை வெளியே கொண்டுவந்தார்கள். அதே மாதம் தொழிற்சாலை நின்றது, மறுபடி திறக்கவில்லை. 2003இல் ஏறக்குறைய 290 டன் பாதரசக் கழிவு தூத்துக்குடி வழியாகக் கப்பலில் அமெரிக்காவுக்கே அனுப்பப்பட்டது.

பாதரசத்தால் சிறுநீரகமும் நரம்பும் கெட்டன, கூட வேலை பார்த்தவர்கள் இறந்தார்கள் என்று முன்னாள் தொழிலாளர்கள் சொன்னார்கள். ஆய்வுகளில் அப்படி எதுவும் தெரியவில்லை என்று கம்பெனி சொன்னது. 15 வருடம் போராடிய பிறகு, 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு கம்பெனி ஒப்பந்தம் செய்துகொண்டது. மனிதாபிமான அடிப்படையில் கொடுப்பதாகச் சொன்னது. மண்ணைச் சுத்தம் செய்வதில், ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் வரை பாதரசம் இருக்கலாம் என்ற அளவை ஏற்க மாட்டோம், இது குடியிருப்பும் சோலையும் உள்ள மலை என்று ஊர்க்காரர்கள் வாதாடினார்கள். அவர்கள் பக்கம்தான் நியாயம் என்பது என் எண்ணம். அதே பாதரசம் வாட்டர்டவுனில் கிடந்திருந்தால் என்ன அளவு கேட்டிருப்பார்களோ, அதைத்தான் கொடைக்கானலும் கேட்டது.

ஹார்லிக்ஸ் எப்படி வந்தது?

ஹார்லிக்ஸ் நமக்குச் சத்து பானம் மட்டும் இல்லை. ஆஸ்பத்திரிக்கு யாரையாவது பார்க்கப் போனால் கையில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் இருக்க வேண்டும். காலியான பாட்டிலில் அம்மா கடுகு, மிளகு போட்டு வைப்பார். அடுக்களைத் தட்டில் வரிசையாக ஹார்லிக்ஸ் பாட்டில் இல்லாத வீடு ஒரு காலத்தில் அபூர்வம். இந்தியாவில் ஹார்லிக்ஸ் அதிகம் விற்பதே தெற்கிலும் கிழக்கிலும்தான்.

இங்கிலாந்திலிருந்து அமெரிக்கா போன ஜேம்ஸ், வில்லியம் ஹார்லிக் சகோதரர்கள் 1873இல் தொடங்கிய தொழில் இது. 1969இல் பீச்சம் கம்பெனி வாங்கியது. பீச்சம் போய் ஸ்மித்கிளைன் பீச்சம் ஆகி, அது போய் கிளாக்ஸோ ஸ்மித்கிளைன் ஆனது. பஞ்சாபின் நாபாவில் 1960லிருந்து இந்திய ஹார்லிக்ஸ் தயாரானது. எருமைப் பால்தான் அங்கே அடிப்படை.

2018 டிசம்பர் 3 அன்று லீவர் அறிவித்தது: ஒரு கிளாக்ஸோ கன்ஸ்யூமர் பங்குக்கு 4.39 லீவர் பங்கு. 100 பங்கு வைத்திருந்தவருக்கு 439. கம்பெனியின் மொத்த மதிப்பு 31,700 கோடி ரூபாய். இந்தியாவில் ஹார்லிக்ஸ் என்ற பெயரின் உரிமைக்கு மட்டும் தனியாக 3,045 கோடி. பெயருக்கு மட்டும்! 2020 ஏப்ரல் 1, ஊரடங்கில் நாடே கதவைச் சாத்தியிருந்த நேரத்தில், இணைப்பு முடிந்தது. லீவரில் யூனிலீவரின் பங்கு 67.2 சதவீதத்திலிருந்து 61.9 ஆகக் குறைந்தது.

ஏன் இவ்வளவு கொடுத்தார்கள்? கிளாக்ஸோவிடம் பெயர் இருந்தது. லீவரிடம் கடை இருந்தது. கம்பெனி ஆள் வாரம் ஒருமுறை ஆர்டர் எடுக்க வரும் கடைகளின் பட்டியல் லீவர் அளவுக்கு வேறு யாரிடமும் இல்லை. சோப் ஏறும் வண்டியிலேயே ஹார்லிக்ஸும் ஏறினால் கூடுதல் செலவு கொஞ்சம்தான், போய்ச் சேரும் கடைகள் பல மடங்கு.

2024இல் இன்னொரு மாற்றம் வந்தது. 'ஆரோக்கிய பானம்' என்று ஒரு வகை உணவுச் சட்டத்திலேயே இல்லை என்று மத்திய அரசு இணைய வணிகர்களுக்குச் சொன்ன பிறகு, லீவரும் அந்த வகைப் பெயரை மாற்றிக்கொண்டது. சர்க்கரை எவ்வளவு என்று டப்பாவின் பின்பக்கம் போட்டிருக்கும். பிள்ளைக்குக் கலக்கிக் கொடுக்கும் முன் ஒருமுறை அதைப் படித்துவிடுங்கள்.

இப்போது எப்படிப்பட்ட கம்பெனிகளை வாங்குகிறார்கள்?

சின்னதாக, புதிதாக, ஒரு கூட்டம் மனதார நம்பி வாங்குகிற பெயர்களை. 2015இல் கேரளத்தின் இந்துலேகா எண்ணெயை 330 கோடிக்கு வாங்கினார்கள். கூடவே 2018 நிதியாண்டிலிருந்து 5 வருடம் உள்நாட்டு விற்பனையில் 10 சதவீதம் தருவதாகப் பேச்சு. 2025இல் ஜெய்ப்பூரின் மினிமலிஸ்ட். 2020இல் பிறந்த முகப்பூச்சுக் கம்பெனி அது. அதை 2,955 கோடி என்று மதிப்பிட்டு 90.5 சதவீதம் வாங்க ஒப்பந்தம் போட்டார்கள். டாம்கோ இணைந்தபோது அதற்கு வயது 76. மினிமலிஸ்டுக்கு ஐந்துகூட நிறையவில்லை. ஒரு பெயர் வீட்டுக்குள் நுழைய முன்பு இரண்டு தலைமுறை ஆனது. இப்போது கைப்பேசி வழியாக நுழைந்துவிடுகிறது.

கம்பெனி மாறினால் பொருளின் தரம் மாறுமா?

மாறலாம், மாறாமலும் இருக்கலாம். ஞாபகத்தை நம்பாதீர்கள். "அந்தக் கால ஹமாம் மணம் வேற" என்று என் அத்தை சொல்வார். அது உண்மையா, வயதா என்று யாராலும் சொல்ல முடியாது. அத்தையின் மூக்கைவிட உறுதியான வழி, சோப் உறையைத் திருப்பிப் பார்ப்பது. 'டி.எஃப்.எம்.' என்று ஒரு சதவீதம் இருக்கும். மொத்தக் கொழுப்புப் பொருளின் அளவு அது. குளியல் சோப்பில் 76க்குக் குறையாமல் இருந்தால் முதல் தரம், 70 இரண்டாம் தரம், 60 மூன்றாம் தரம். சில உறைகளில் 'டாய்லெட் சோப்' என்பதற்குப் பதில் 'பாத்திங் பார்' என்று இருக்கும். அதற்கு விதிகள் வேறு. பழைய உறை ஒன்றைப் பத்திரப்படுத்தி வையுங்கள். அடுத்த முறை வாங்கும்போது இரண்டையும் பக்கத்தில் வைத்து எண்ணைப் பாருங்கள்.

தாத்தா பெட்டியில் பழைய டாம்கோ, புரூக் பாண்ட் பங்குப் பத்திரம் கிடைத்தது. அது வெறும் காகிதமா?

தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அந்தக் கம்பெனிகள் இல்லை. ஆனால் பங்குகள் இந்துஸ்தான் யூனிலீவர் பங்குகளாக மாறியிருக்க வேண்டும். மேலே சொன்ன கணக்கையே எடுத்துக்கொள்வோம். 150 டாம்கோ, 20 லீவர் பங்கானது. 2000இல் 10 ரூபாய் முகமதிப்புப் பங்கை ஒரு ரூபாய்ப் பங்குகளாகப் பிரித்தார்கள். அந்தப் பிரிப்பை மட்டும் சேர்த்தாலே 20 என்பது 200.

தொடர்ந்து 7 வருடம் டிவிடெண்டை யாரும் வாங்கவில்லை என்றால் பங்குகள் அரசின் முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்குப் போய்விடும். போனாலும் வாரிசுகள் திரும்பக் கேட்கலாம். முதலில் பத்திரத்தில் உள்ள ஃபோலியோ எண்ணைக் குறித்துக்கொண்டு கம்பெனியின் பங்குப் பதிவாளருக்கு எழுதுங்கள். அப்புறம் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், டீமேட் கணக்கு ஆகியவற்றைத் தயார் செய்து, ஐ.இ.பி.எஃப்.-5 என்ற படிவத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும். படிவத்துக்குக் கட்டணம் கிடையாது. பாதிப் பணம் கொடுத்தால் முடித்துத் தருகிறேன் என்று வருகிற ஏஜென்டுகளிடம் பத்திரத்தின் அசலைக் கொடுக்காதீர்கள். பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் திருப்பி அனுப்புவார்கள், மாதக்கணக்கில் ஆகும். பத்திரத்தில் தாத்தா பெயர் எப்படி எழுதியிருக்கிறது என்று இன்றே எடுத்துப் பாருங்கள்.